ஹாலிவுட் பௌலில் ஒரே ஓர் இரவு: எந்தக் கச்சேரிக்கு டிக்கெட் எடுப்பது?

மே மாதக் கடைசி வந்தால் போதும், லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் இருக்கும் நம்மவர்களிடமிருந்து எனக்கு இந்தக் கேள்வி வந்துவிடும். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருப்பார்கள். டிஸ்னிலாண்டும் லாஸ் வேகாஸும் பார்த்தாகிவிட்டது. "ஹாலிவுட் பௌல்னு சொல்றாங்களே, ஒரு நாள் கூட்டிட்டுப் போகலாம்னு இருக்கேன். எதுக்கு டிக்கெட் எடுக்க?" என்பார்கள். ஹாலிவுட் பௌல் என்பது அங்கே மலைச்சரிவில் இருக்கும் திறந்தவெளி இசை அரங்கம். அதன் அட்டவணையைத் திறந்தால் ஜூன் முதல் செப்டம்பர் வரை கிட்டத்தட்ட தினமும் ஏதோ ஒன்று இருக்கும். பீத்தோவன், ஜாஸ், வாணவேடிக்கை, திரைப்படம், ராக் என்று எல்லாம் கலந்து கிடக்கும். பெயர் தெரிந்த ஒருவரைப் பார்த்து டிக்கெட் எடுத்துவிட்டு, போய் வந்து "அப்பாவுக்கு அவ்வளவா பிடிக்கல" என்று சொன்னவர்கள் பலர்.

அவர்களுக்கெல்லாம் நான் சொல்வது இதுதான். பௌல் ஒரே இடமாக இருக்கலாம், ஆனால் செவ்வாய்க்கிழமை இரவு இருக்கும் பௌல் சனிக்கிழமை இரவு இருப்பதில்லை. 1922 ஜூலை 11 அன்று முதல் பருவம் தொடங்கியதிலிருந்து அந்த மேடை எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டு வந்திருக்கிறது. ரஷ்ய இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கி அங்கே இசைக்குழுவை நடத்தியிருக்கிறார். 1956-இல் ஜாஸ் பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டும் லூயி ஆம்ஸ்ட்ராங்கும் ஒரே இரவில் பாடினார்கள். 1964-இலும் 1965-இலும் பீட்டில்ஸ். 1967 ஆகஸ்டில் ரவிசங்கர். 2006-இல் நம் ஏ.ஆர்.ரஹ்மான். ஆகவே யார் மேடையில் என்பதைவிட, உங்கள் பக்கத்தில் யார் உட்காரப் போகிறார்கள் என்பதை வைத்து இரவைத் தேர்ந்தெடுங்கள்.

## முதலில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்

நடத்துவது யார்? இதை முதலில் பாருங்கள். அரங்கம் லாஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டிக்குச் சொந்தம், நிர்வாகம் லாஸ் ஏஞ்சல்ஸ் ஃபில்ஹார்மோனிக் என்ற இசைக்குழுவிடம். ஃபில்ஹார்மோனிக் தானே நடத்தும் நிகழ்ச்சிகள் ஒரு வகை. அரங்கத்தை வாடகைக்கு எடுத்து வெளி நிறுவனங்கள் நடத்துபவை இன்னொரு வகை. முதல் வகையில் வீட்டுச் சாப்பாடு, ஒயின் எல்லாம் கொண்டுபோகலாம், காரை வெளியே நிறுத்திவிட்டு ஏறிவர நகரின் பல மூலைகளிலிருந்து 'பார்க் அண்ட் ரைடு' பேருந்து ஓடும். வாடகை நிகழ்ச்சிகளில் விதிகள் வேறு. வெளியிலிருந்து மது கொண்டுபோக முடியாது, பேருந்து வசதியும் அதே அளவுக்கு இருக்காது.

எங்கே உட்காருவது? சுமார் 17,500 பேர் உட்காரும் இடம் அது. கீழே மேடைக்கு முன்னால் நான்கு நாற்காலி போட்ட 'பாக்ஸ்'கள், மடக்கு மேசையோடு. நடுவே முதுகு சாய்ந்து உட்காரும் தனி இருக்கைகள். அதற்கு மேலே மலைச்சரிவு முழுக்க நீளநீளமான மர பெஞ்சுகள். மேல் வரிசை மேடையிலிருந்து நூறு மீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. ஒலிபெருக்கி இல்லாமல் அங்கே எதுவும் கேட்காது, அதனால் எல்லா நிகழ்ச்சிக்கும் ஒலிபெருக்கி உண்டு. பெரிய திரைகளும் உண்டு. ஆனால் மேலே உட்கார்ந்தால் ஹாலிவுட் என்ற எழுத்துகள் மலைமேல் தெரியும், ஊரிலிருந்து வந்தவர்களுக்கு அதுவே பாதிச் சந்தோஷம்.

மொத்தச் செலவு எவ்வளவு? டிக்கெட் விலையை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். இணையத்தில் எடுத்தால் சேவைக் கட்டணம் சேரும், கார் நிறுத்தக் கட்டணம் தனி, பெஞ்சுக்கு வாடகை மெத்தை தனி. மேல் பெஞ்ச் டிக்கெட்டைவிடக் கார் நிறுத்தம் அதிகமாகிவிடும் இரவுகள் உண்டு.

படி, குளிர், திரும்பும் நேரம். வாசலிலிருந்து சரிவு ஏற வேண்டும், பிறகு படிகள். ஜூலையிலும் ஒன்பது மணிக்கு மேல் பள்ளத்தாக்கில் குளிர் இறங்கிவிடும். சென்னை வெயிலில் இருந்து வந்தவர்களுக்கு அது மார்கழிக் குளிர். சால்வை, காலுறை இரண்டும் இல்லாமல் கூட்டிப்போகாதீர்கள்.

## ஒரே பார்வையில்

| நிகழ்ச்சி | செலவு | கூட்டம், திரும்புதல் | வீட்டுச் சாப்பாடு | யாருக்கு ஏற்றது |
|---|---|---|---|---|
| செவ்வாய், வியாழன்: மேற்கத்திய செவ்வியல் இசை | குறைவு, பாக்ஸ் மட்டும் அதிகம் | கூட்டம் குறைவு, பெரும்பாலும் எளிது | உண்டு | பெற்றோர், முதல்முறை வருபவர்கள் |
| புதன்: ஜாஸ் | நடுத்தரம் | நடுத்தரம் | உண்டு | நண்பர்கள், தம்பதிகள் |
| வெள்ளி, சனி: வாணவேடிக்கை, திரைப்பட இசை | அதிகம் | நெரிசல், தாமதம் | உண்டு | குழந்தைகள் உள்ள குடும்பம் |
| ஞாயிறு: உலக இசை, புதிய இசை | நடுத்தரம் | கொஞ்சம் சீக்கிரம் முடியும் | உண்டு | புதிதாகக் கேட்க ஆசைப்படுபவர்கள் |
| வாடகை நிகழ்ச்சி: ராக், பாப் | மிக அதிகம் | மிகுந்த நெரிசல் | விதிகளைப் பார்க்கவும் | அந்தக் கலைஞரின் ரசிகர் மட்டும் |
| காலை ஒத்திகை | இலவசம் | கூட்டமே இல்லை | டிஃபன் பொட்டலம் போதும் | பெரியவர்கள், சங்கீதம் தெரிந்தவர்கள் |

## செவ்வாய், வியாழன்: செவ்வியல் இரவுகள்

பெரும்பாலோர் முதலில் தள்ளிவிடுவது இதைத்தான். "எங்களுக்கு மேற்கத்திய சங்கீதம் தெரியாது, போரடிக்கும்" என்று பயம். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

என் அப்பாவைக் கூட்டிப்போனது ஒரு வியாழக்கிழமை. செக் நாட்டு இசையமைப்பாளர் த்வோர்ஷாக் அமெரிக்காவில் இருந்தபோது எழுதி 1893-இல் நியூயார்க்கில் அரங்கேறிய 'புதிய உலகம்' சிம்ஃபனி அன்று. முதல் பகுதி முழுக்க அப்பா தயிர் சாத டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தார். இரண்டாம் பகுதி தொடங்கியது. குழு அடங்கி, இங்கிலீஷ் ஹார்ன் என்ற ஒரே ஒரு குழல் தனியாக எடுத்தது. நான்காவது நொடியில் அப்பா என் முழங்கையைப் பிடித்தார். "மோகனம்டா இது."

பிறகு யோசித்தால் அவர் சொன்னதில் தப்பில்லை. அந்த மெட்டின் ஆரம்பம் மத்யமமும் நிஷாதமும் இல்லாமல் ஐந்து சுரங்களுக்குள்ளேயே நடக்கிறது. அந்தக் குழலும் நாகஸ்வரம் போல இரட்டைச் சீவாளி வைத்து ஊதுவதுதான். திரையில் வாசிப்பவரின் உதடும் கன்னமும் பெரிதாகத் தெரிய, அப்பா கண்ணை எடுக்கவில்லை. அந்த நேரம் பார்த்து மேலே யாரோ காலால் தட்டிவிட்ட ஒயின் பாட்டில் கான்கிரீட் படியில் விழுந்து, டணக், டணக், டணக் என்று ஒவ்வொரு படியாக உருண்டு இறங்கியது. பௌலுக்கு அடிக்கடி போகிறவர்கள் எல்லோருக்கும் அந்தச் சத்தம் தெரியும். யாரும் முகம் சுளிக்கவில்லை. குழல் தன் பாட்டுக்கு நடந்தது.

செவ்வியல் இரவுகளின் பலம் இந்தத் தளர்வுதான். உள்ளரங்கில் இருக்கும் விறைப்பு இங்கே கிடையாது. பகுதிகளுக்கு நடுவே கைதட்டினால் யாரும் திரும்பி முறைப்பதில்லை. தொடையில் தாளம் போட்டாலும் கேட்பார் இல்லை, மூன்றுமூன்றாக நடக்கும் வால்ட்ஸ் நடை வந்தால் நம்மவர்களுக்கு ரூபகம் தானாக விழும். நிகழ்ச்சிகளையும் பெரும்பாலும் எல்லோரும் ஒருமுறையாவது கேட்டிருக்கக்கூடிய புகழ்பெற்ற படைப்புகளாகவே வைக்கிறார்கள். ஒரு கச்சேரிக்குப் பெரும்பாலும் அன்று காலை ஒத்திகை மட்டுமே கிடைப்பதும் அதற்கு ஒரு காரணம். அதனால் ஒவ்வொரு வாசிப்பும் இழைத்து மெருகேற்றியதாக இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். அந்த நுணுக்கம்தான் வேண்டும் என்றால் குளிர்காலத்தில் இதே ஃபில்ஹார்மோனிக் குழுவை வால்ட் டிஸ்னி உள்ளரங்கில் கேளுங்கள். ஆனால் 2005-இல் 24 வயது இசை நடத்துநர் குஸ்தாவோ துதாமெல் அமெரிக்காவில் முதல்முறையாக மேடையேறியது இங்கேதான். நான்கு ஆண்டுகளில் அவரே இந்தக் குழுவின் இசை இயக்குநரானார்.

மறைமுகச் செலவு என்றால், ஒலி. மெல்லிய இடங்களில் ஹெலிகாப்டர் பறந்தால் அது உங்கள் அதிர்ஷ்டம். மேல் பெஞ்சில் வயலின் வில் அசைவது திரையில் முதலில் தெரிந்து, நாதம் ஒரு நூல் பிந்தி வரும். கீழே வர வர இந்தக் குறை தீர்ந்துவிடும். வார நாள் என்பதால் நடு இருக்கைகள் கைக்கு எட்டும் விலையில் கிடைக்கும், பணத்தைப் போடுவதானால் அங்கே போடுங்கள்.

நான் செய்த தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அன்று காசை மிச்சப்படுத்த மேல் பெஞ்சில் எடுத்திருந்தேன். அப்பாவுக்கு மூட்டு வலி என்று தெரிந்தும் படிகளை யோசிக்கவில்லை. நான்கு இடத்தில் நின்று நின்று ஏறினார், ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. இறங்கும்போது இருட்டு. அவர் என் தோளைப் பிடித்துக்கொண்ட பிடியிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. பெரியவர்களோடு போனால் படி குறைந்த இடமாகக் கேட்டு வாங்குங்கள். நடக்க முடியாதவர்களுக்கும் சக்கர நாற்காலிக்கும் தனி இடங்கள் உண்டு, டிக்கெட் எடுக்கும்போதே சொல்ல வேண்டும்.

## புதன்: ஜாஸ்

கர்நாடக சங்கீதக் காதுக்கு ஜாஸ் அந்நியமில்லை. ஒரு மெட்டை எடுத்து ஆளாளுக்கு மாற்றி மாற்றி விரிப்பதும், தாளக்காரருக்குத் தனி இடம் கொடுப்பதும் நமக்குப் பழக்கமானவை, டிரம்ஸ் தனியாவர்த்தனம் வரும்போது மிருதங்கம் கேட்டவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். 2010 முதல் பியானோ மேதை ஹெர்பி ஹேன்காக் ஃபில்ஹார்மோனிக்கின் ஜாஸ் பிரிவுக்கு வழிகாட்டியாக வந்தது இந்த இரவுகளின் தரத்தை உயர்த்தியது.

ஆனால் இரண்டு விஷயம். முதலாவது, பலர் இதைப் பின்னணி இசையோடு கூடிய இரவுச் சாப்பாடாகவே எடுத்துக்கொள்கிறார்கள், சுற்றிலும் பேச்சுச் சத்தம் இருக்கும். உன்னிப்பாகக் கேட்பவருக்கு எரிச்சல் வரும். இரண்டாவது, ஒரே இரவில் இரண்டு மூன்று குழுக்கள் வரும், நீங்கள் தேடி வந்தவர் கடைசியில்தான் வருவார். வார நாளில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளோடு அது கஷ்டம்.

ஜூனில் நடக்கும் இரண்டு நாள் ஜாஸ் விழா வேறு ரகம். 1979-இல் தொடங்கிய விழா அது, 2022 முதல் 2024 வரை ஹாலிவுட் பௌல் பெயரிலேயே நடந்தது. பகலில் தொடங்கி இரவுவரை போகும். சுழலும் மேடை என்பதால் ஒரு குழு முடித்துத் திரும்புவதற்குள் அடுத்த குழு வாசித்துக்கொண்டே வந்து நிற்கும். வெயிலைத் தாங்கக்கூடிய இளவட்டங்களுக்கு இதைவிடக் கொண்டாட்டம் கிடையாது. பெற்றோருக்கு வேண்டாம்.

## வெள்ளி, சனி: வாணவேடிக்கையும் திரையிசையும்

1991-இல் இதற்கென்றே தொடங்கிய ஹாலிவுட் பௌல் ஆர்க்கெஸ்ட்ரா வார இறுதிகளில் பாடகர்களோடும் நாடகப் பாடல்களோடும் வரும். ரஷ்ய இசையமைப்பாளர் சைகோவ்ஸ்கியின் இரவுகளில் '1812' என்ற படைப்பு முடியும் தறுவாயில் அணிவகுப்பு வாத்தியக் குழு சேர்ந்துகொள்ள, மேடையை மூடிய வளைவு வளைவான அந்த வெள்ளைக் கூட்டுக்கு மேலே வானம் வெடிக்கும். ஜான் வில்லியம்ஸின் திரையிசை இரவென்றால் 'ஸ்டார் வார்ஸ்' மெட்டுக்கு ரசிகர்கள் கையில் ஆயிரக்கணக்கான ஒளிவாள்கள் அசையும். பெரிய திரையில் படம் ஓட, பின்னணி இசையை மட்டும் குழு நேரில் வாசிக்கும் இரவுகளும் உண்டு. எட்டு வயதுக் குழந்தைக்கு இதைத் தவிர வேறெதையும் நான் சொல்ல மாட்டேன்.

விலையைச் சொல்லிவிட வேண்டும். வார நாளில் சில டாலர் தாள்களில் முடியும் அதே பெஞ்சுக்கு இங்கே பல மடங்கு. அரங்கம் நிறையும். பௌலின் சொந்த நிறுத்துமிடத்தில் கார்களை முன்னும் பின்னும் இடைவெளியில்லாமல் ஒட்டி நிறுத்துவார்கள். முன்னால் இருப்பவர் எடுக்காமல் நீங்கள் எடுக்க முடியாது, நடுவில் கிளம்பும் எண்ணமே வேண்டாம். சனிக்கிழமை குடும்பத்தோடு போவதானால் பார்க் அண்ட் ரைடு பேருந்தை முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். முடிந்ததும் பேருந்து காத்துக்கிடக்காது, பாட்டு முடிந்தவுடன் எழுந்துவிட வேண்டும். மெட்ரோ ரயிலில் ஹாலிவுட்-ஹைலேண்ட் நிலையத்தில் இறங்கி நடப்பவர்களும் உண்டு. இருபது நிமிட ஏற்றம், கால் திடமாக இருந்தால் இதுவே மலிவு.

பயந்த சுபாவமுள்ள சின்னக் குழந்தை, வெடிச் சத்தம் ஆகாத பாட்டி இருந்தால் வாணவேடிக்கை உள்ள நாளைத் தவிர்த்து, படம் ஓடும் நாளை எடுங்கள்.

## ஞாயிறு

ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா, புதிய மின்னணு இசை என்று எதுவும் வரலாம். மற்ற நாட்களைவிடச் சீக்கிரம் தொடங்குவதால் திங்கட்கிழமை வேலைக்குப் போகிறவர்களுக்கு வசதி. வருபவரின் நான்கு பாட்டுகளை முதலில் வீட்டில் கேட்டுப் பாருங்கள். பிடித்தால் எடுங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். அவ்வளவுதான்.

## வாடகை நிகழ்ச்சிகள்: ராக், பாப்

இங்கே கேள்வி ஒன்றுதான், அந்தக் கலைஞர்மேல் உங்களுக்கு உயிரா? உயிர் என்றால் எந்த விலையும் தகும். இல்லை என்றால் 'பௌல் எப்படி இருக்கும் என்று பார்க்கலாமே' என்பதற்காக இந்த விலையைக் கொடுக்காதீர்கள். பௌலின் அழகே சாயங்காலம் ஆறு மணிக்குப் போய், வீட்டுச் சாப்பாட்டைப் பிரித்து, வெளிச்சம் மலைமேல் மங்குவதைப் பார்ப்பதில்தான் இருக்கிறது. இந்த இரவுகளில் எல்லோரும் எழுந்து நின்றுவிடுவார்கள். உயரம் குறைந்த அம்மாக்களுக்கு முன்வரிசைக்காரரின் முதுகுதான் தெரியும்.

கூட்டத்தின் சத்தம் இசையை மூழ்கடிப்பது பழைய கதை. பீட்டில்ஸ் இங்கே பாடியதைப் பதிவு செய்தார்கள், ரசிகர்களின் அலறலில் பாட்டே கேட்கவில்லை என்று ஒதுக்கி வைத்த அந்தப் பதிவு 1977-இல்தான் வெளிவந்தது. 1968-இல் ராக் கிட்டார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் வாசித்தபோது மேடைக்கு முன்னால் அப்போது ஒரு குளம் இருந்தது, ரசிகர்கள் அதிலேயே குதித்துவிட்டார்கள். இன்று குளம் இல்லை. அந்த இடத்து பாக்ஸ்களுக்கு 'பூல் சர்க்கிள்' என்ற பெயர் மட்டும் நின்றுவிட்டது.

## பாக்ஸா, பெஞ்சா?

நான்கு பேராக இருந்து, திருமண நாள் மாதிரி ஒரு விசேஷம் என்றால் பாக்ஸ். இருவர் மட்டும் போனால் மற்ற இரண்டு நாற்காலிகளில் முன்பின் தெரியாதவர்கள் வந்து உட்காருவார்கள், முழங்கால் இடிக்கும் நெருக்கம். எனக்கு அது பிடித்துத்தான் இருந்தது. மிளகாய்ப்பொடி தடவிய இட்லியை ஒரு வெள்ளைக்காரப் பெரியவரிடம் நீட்டினேன், அவர் தன் பங்குக்குத் திராட்சைக் கொத்தை எங்கள் பக்கம் தள்ளிவைத்தார். கூச்ச சுபாவக்காரர்களுக்கு இது சரிப்படாது. சாப்பாட்டு விஷயத்தில் ஒரே விதி, பழைய ரயில் பயணத்துக்குக் கட்டுவது போலக் கட்டுங்கள். எலுமிச்சை சாதம், இட்லி, தயிர் சாதம். சாம்பார், ரசம் வேண்டாம். மடியில் வைத்துச் சாப்பிடுகிறோம், இருட்டு வேறு.

## என்னைக் கேட்டால்

பெற்றோரோடு முதல்முறை: வியாழன் செவ்வியல் இரவு, படி குறைந்த நடு இருக்கை. குழந்தைகளோடு: வார இறுதியில் திரைப்படம், பேருந்தில். இருவர் மட்டும்: புதன், பெஞ்ச், இரண்டு மெத்தை. மூன்றாவது முறை போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமையைத் துணிந்து எடுக்கலாம்.

இரவுக் குளிரும் படியும் ஒத்துக்கொள்ளாத பெரியவர்கள் வீட்டில் இருந்தால் காலை ஒத்திகைதான். கோடையில் செவ்வாய், வியாழன் காலைகளில் பல ஒத்திகைகளை யார் வேண்டுமானாலும் இலவசமாக உட்கார்ந்து கேட்கலாம். சில ஒத்திகைகள் பொதுமக்களுக்குக் கிடையாது, அதனால் அன்று காலை ஃபோன் போட்டுக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். அடுத்த முறை அப்பா வந்தபோது அங்கேதான் போனோம். இரவில் பதினேழாயிரம் பேர் உட்காரும் இடத்தில் நாற்பது ஐம்பது பேர், மேடையில் டி-ஷர்ட் போட்ட வாத்தியக்காரர்கள். நடத்துநர் ஒரு வயலின் இடத்தை நிறுத்தினார், ஏதோ சொன்னார், மறுபடி எடுத்தார்கள். மறுபடி நிறுத்தினார். நான்காவது தடவை அப்பா மெதுவாகச் சொன்னார், "சங்கதி சரியா விழற வரைக்கும் விடமாட்டேங்கிறாரே!"

ஒன்பதரைக்குள் போய்விடுங்கள். பதினொன்றுக்கு மேல் பெஞ்ச் சுடும், தொப்பியும் தண்ணீரும் வேண்டும். அங்கேயே ஒரு சின்ன அருங்காட்சியகம் இருக்கிறது, அனுமதி இலவசம், உள்ளே குளுகுளுவென்று இருக்கும்.